தண்ணிப் பிரச்சினை

மார்ச் 3, செவ்வாய்

ஊரார் வாயெல்லாம் என் மேசை மேல்தான் கிடக்கிறது. பல் ஆஸ்பத்திரிகளிலிருந்து இன்று ஐந்து அச்சுகள் வந்தன. ஒன்றில் அந்த மனிதர் காலையில் தின்றது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாகப் பல் செட் கட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. கழுவி, மருந்தில் முக்கி, பிளாஸ்டர் ஊற்றினால் முடிந்தது. எனக்குக் குமட்டியது என்னுடைய ஃபிளாஸ்க். உள்ளே டீ இருப்பதாக லேப்பில் எல்லாரும் நினைக்கிற ஃபிளாஸ்க். மூடியின் மரையில் பழைய பிராந்தி பிசுபிசுவென்று காய்ந்து, அதில் ஓர் எறும்பு செத்து ஒட்டியிருந்தது. எறும்பைச் சுண்டிவிட்டுக் குடித்தேன்.

மதியம் ஒரு மேல் செட்டில் இடது கோரைப்பல்லை வலது பக்கம் அடுக்கிவிட்டேன். முதலாளி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, கேஸ்ட்ரிக் இன்னும் சரியாகலையா?" என்றார். என் நோய்க்கு அவர் வைத்த பெயர் கேஸ்ட்ரிக். அக்கா அதை பிரஷர் என்கிறாள். நான் தலைவலி என்கிறேன். யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கிறது.

மகள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து பள்ளிக்கூடம் பக்கம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். நடந்தது வேறு. பள்ளி விட்டு வந்தவள் நான் சமையலறைத் தரையில் கிடந்ததைப் பார்த்தாள். என்னைப் புரட்டிப் போட்டு, வாயைத் துடைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து தன் பையைக் கட்டினாள். பதினைந்து வயது. அழவில்லை. வாசலில் நின்று சொன்னது இதுதான்: "நிறுத்திடுவேன்னு சத்தியம் பண்ணாதம்மா. அது நிறைய பண்ணியாச்சு. குடிக்கிறேன்னு ஒரு தடவை சொல்லு. எங்கிட்ட இல்ல, எனக்குத்தான் தெரியுமே. வேற யார் முன்னாடியாவது சொல்லு. நான் வந்துடறேன்."

அவளுடைய அப்பா போய் நாளாயிற்று. அதற்குக் காரணம் குடியில்லை, வேறொருத்தி. அந்தப் பழியைப் பாட்டில் மேல் போட வழியில்லை.

இப்போது அத்தானுக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். மே மாதம் வேறு ஊர். "பிள்ளையையும் அங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம்னு பாக்கறோம். நீ என்ன சொல்ற?" என்று அக்கா போனில் கேட்டாள். தலை வலிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

இன்று தொடவில்லை என்று சாயந்தரம் ஐந்து மணிக்கு எழுதினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்குப் பக்கத்தில் வாங்குவதில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு கடை. லேப் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் நிற்பேன். பெண்பிள்ளை நின்றால் வரிசையே திரும்பும். ஆனால் கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால், 'புருஷனுக்கு வாங்க வந்திருக்கு, பாவம்' என்று இடம் விடுவார்கள். இல்லாத புருஷனுக்காகக் கிடைக்கிற அந்தப் பாவத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

கடைச் சந்தில் ஆண்கள் ஒன்றுக்கிருக்கிற சுவர். அதன் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'குடியை நிறுத்த விருப்பமா? நாங்களும் குடித்தவர்கள்தான்.' கீழே ஒரு போன் நம்பர். அதன் மேல் யாரோ சரியாகக் குறி பார்த்துத் துப்பியிருந்தார்கள். கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். செருப்பெல்லாம் ஈரம். எனக்கு உதவி கிடைக்கிற இடம் இதுதான் போலிருக்கிறது.

லேப்பில் பிளாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். ஒன்று போட்டதில் ஒரு டயர் கடை எடுத்தது. ஏழுதான்.

"ஒரு சிநேகிதிக்காகக் கேக்கறேன்" என்றேன்.

"சரிங்க. சிநேகிதியைக் கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை ஆறு மணி. பஸ் டிப்போ பின்னாடி சமூகக் கூடம்."

"அவங்க வர மாட்டாங்க."

"அப்ப அவங்களுக்குப் பதிலா நீங்க வந்து உக்காருங்க. நானும் முதல்ல ஒரு சிநேகிதனுக்காகத்தான் போனேன்" என்றான் அந்த ஆள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டியிருப்பேன். "அங்க வந்து மேல..." என்று இன்னும் ஏதோ ஆரம்பித்தான். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

போகும் முன் கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் போனேன், கை நடுங்காமல் இருக்க. குளிக்கப் போகிறவள் சேற்றைப் பூசிக்கொண்டு போன கதை.

கூடத்துக்கு இரட்டைக் கதவு. ஒரு பாதி வெளிப்பக்கம் திறந்து பலகையை மறைத்துக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தது 'குடி' என்ற இரண்டெழுத்து மட்டும். இவ்வளவு பச்சையாகவா எழுதி மாட்டுவார்கள் என்று உடம்பெல்லாம் குறுகியது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நாற்பது பேர் இருக்கும். பாதிக்கு மேல் பெண்கள்! கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு பாட்டையா, ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க ஒருத்தி. இந்த ஊரில் இத்தனை பேரா என்று வாயைப் பிளந்தேன். மைக்கைக் கர்சீப்பால் துடைத்துத் துடைத்துப் பேசியவர் செயலாளராம்.

"நம்ம எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதான். தண்ணி. இதுல மூடி மறைக்க ஒண்ணுமில்ல. மனசு விட்டுப் பேசுங்க."

கைக்குழந்தைக்காரி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் விடியக்காலைல எழுந்து இதுக்காகவே உக்காந்திருக்கார். ஒரு வேலையும் ஓடறதில்ல அவருக்கு." பாட்டையா, "எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அதுவே பழகிடுச்சு" என்றார். ஆபீஸ் அட்டைக்காரி சொன்னதுதான் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. "நாங்க நாலு வீடு சேந்து லாரில வரவழைக்கிறோம். வேற என்ன பண்றது?"

லாரியா! நான் ஒரு ஃபிளாஸ்க்கை ஒளிக்கப் படாத பாடு படுகிறேன். இவர்கள் லாரியில் வரவழைத்துப் பங்கு போடுகிறார்களாம், அதை மைக்கில் வேறு சொல்கிறார்களாம். அவர்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"கடைசி வரிசைல புதுசா ஒரு அம்மா. சொல்லுங்கம்மா, கூச்சப்படாதீங்க."

எழுந்தேன். "எனக்கும்... தண்ணிதாங்க" என்றேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"தினமுமா?"

"முன்னெல்லாம் வாரத்துல ஒரு நாள். இப்ப தினமும். காலைலயே."

"காலைலயேவா! குடுத்து வச்சவங்க" என்று முன் வரிசையில் ஒரு குரல். சிரித்தார்கள். கேலி செய்கிறார்கள், செய்யட்டும், இதற்குத்தானே வந்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பிடிச்சு வச்சுக்கறீங்களா?"

"ஆமா. துணிக் கூடைக்கு அடியில. பீரோவுக்குப் பின்னாடி. எவ்வளவு வச்சாலும் மறுநாளைக்கு இருக்கறதில்ல."

"வீட்ல எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

"ஒருத்திக்கேவா?" என்று செயலாளர் மைக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். "என் பொண்ணு இதனாலதான் வீட்டை விட்டுப் போயிட்டா. எங்கக்கா வீட்ல இருக்கா. என்னால நிறுத்தவும் முடியலைங்க."

பக்கத்தில் பெரிய கைப்பையை மடியில் வைத்திருந்த அம்மாள் என் முதுகைத் தடவினாள். "கேட்டீங்களா? ஒரு குடும்பமே பிரிஞ்சிருக்கு தண்ணியால!" என்று உரக்கச் சொன்னாள். கைதட்டினார்கள். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக் துடைத்த அதே கர்சீப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நீங்க ஏம்மா நிறுத்தணும்? அதெல்லாம் வால்வு திறக்கிறவன் வேலை. நீங்க எந்த பிளாக்கு?"

வால்வு.

அப்போதுதான் அவர் தலைக்கு மேல் தொங்கிய துணியைப் படித்தேன். குடியிருப்போர் நலச் சங்கம். குடிநீர்ப் பற்றாக்குறை குறித்த சிறப்புக் கூட்டம்.

ஓடியிருக்கலாம். தப்பான கூட்டத்துக்கு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? "பி பிளாக், மூணாவது மாடி" என்றேன். அந்தக் குடியிருப்புக்குள் நான் கால் வைத்ததுகூடக் கிடையாது. உண்மையை வாயில் வரவழைக்க இத்தனை நாள் ஆயிற்று. பொய் கூப்பிடாமலே வந்து நிற்கிறது. குடி என்றால் வீடு, குடி என்றால் குடி. மொழியும் எனக்கு ஒளிய இடம் கொடுக்கிறது.

வரும் வழியில் கடை திறந்திருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

வாந்தி. துடைத்தேன். துடைத்த துணியை அலசும்போது மறுபடியும். அதையும் துடைத்தேன். காலை முழுக்க இதே வேலை. கண்ணாடியில் ஒரு மூஞ்சி தெரிந்தது. உதட்டோரம் காய்ந்து போய், கண் இரண்டும் வீங்கி. யாருடையது இது? இதற்குத்தான் நேற்றுக் கைதட்டினார்கள்.

மார்ச் 11, புதன்

மெழுகு உருக்குகிற விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட் பாட்டிலை முதலாளி தன் அலமாரியில் வைத்துப் பூட்ட ஆரம்பித்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பல் அடுக்குகிற மேசையிலிருந்து எடுத்து, பிளாஸ்டர் ஊற்றப் போட்டிருக்கிறார். "கொஞ்ச நாளைக்கு" என்றார். அந்த ஸ்பிரிட்டை நான் குடிப்பேன் என்றா நினைக்கிறார்? த்தூ. இவ்வளவு கேவலமாகவா நினைப்பது என்று கோபமாக வந்தது.

பிறகு யோசித்தேன். போன மாதம் அந்தப் பாட்டிலின் லேபிளை நான் படித்துப் பார்த்தேன். எதற்குப் படித்தேன்?

மார்ச் 14, சனி

அந்த போன் ஆளிடம் மறுபடி கேட்டேன். "மேல மாடின்னுதாங்க சொல்ல வந்தேன், நீங்க வச்சுட்டீங்க" என்றான். கீழே குடியிருப்போர், மேலே குடிப்போர். யார் இந்தக் கூடத்தை வாடகைக்கு விட்டார்களோ அவர்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

மாடிப்படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். "பி பிளாக் அம்மா!" என்று பின்னால் ஒரு சத்தம். செயலாளர். "உங்களைத்தான் தேடிட்டிருக்கேன். போன வாரம் நீங்க பேசினது எல்லாரையும் ஆட்டி வச்சிருச்சு. வாங்க வாங்க, முன்னாடி வந்து உக்காருங்க." கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார். கைப்பை அம்மாள் எனக்காக ஒரு நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். அவளுடையதில் உண்மையாகவே டீ இருந்தது.

முடிவில் என்ன நடந்தது தெரியுமா? தண்ணீர்க் குழு என்று ஒன்றைப் போட்டு அதில் என்னை உறுப்பினராக்கிவிட்டார்கள். ஏகமனதாக. நான் எழுந்து கும்பிடு போட்டேன். போட்டாளே பாவி! மேலே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ தும்மினார்கள். ஒரு தளம்தான் நடுவில். ஏறிப் போக எனக்குக் கால் வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகளுக்கு போன் செய்தேன். கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லையே.

பின்னால் ஓடிய டிவியை அணைத்தாள். பிறகு, "சொல்லிட்டியா?" என்றாள்.

"சொன்னேன். நாப்பது பேர் முன்னாடி."

"என்னன்னு சொன்ன?"

"தண்ணின்னு."

"குழாய்லயும் அதாம்மா வருது" என்றாள்.

வைத்துவிட்டாள். நான் கூட்டத்தின் கதையைச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என் வாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிகிறது. எரிச்சலாக இருந்தது. அவள் மேல் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா வந்தாள். உட்காரும் முன் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவளுக்கே தெரியாமல் செய்தாள் என்று நினைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பிள்ளை சொன்னா, ஏதோ கூட்டத்துக்குப் போறியாம். எதுக்குடி இதெல்லாம்? நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா? வீட்டுக்குள்ளயே இருந்து கமுக்கமா நிறுத்திடு."

"நிறுத்த முடியலக்கா."

"முடியலன்னா என்ன அர்த்தம்? மனசு வச்சா முடியாதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மே மாசம் அவளை நாங்க கூட்டிட்டுப் போறோம். நீ பிரஷரைப் பாத்துக்கோ. சரியானதும் பாக்கலாம்" என்றாள். தன் வீட்டில்கூட, சுவருக்குக் காது உண்டு என்று பிரஷர் என்றுதான் சொல்வாள்.

அக்கா கெட்டவள் இல்லை. என் பிள்ளைக்குச் சோறு போடுகிறாள், தலை பின்னிவிடுகிறாள். எனக்கு அவள் மேல் நன்றி இருக்க வேண்டும். இருப்பதோ அருவருப்புதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு அக்கறையாக உதவுகிறவளைக் கும்பிடுவதா, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதா? காபி போட்டுக் கொடுத்தேன். பாதி வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 21, சனி

இன்று குடிக்காமல் போனேன். கை தந்தியடித்தது. வியர்வை வேறு. முகக்கவசம் முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

படியேறிவிட வேண்டும் என்றுதான் வேகமாக நடந்தேன். செயலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். இன்று அவர் பக்கத்தில் பனியன் மேல் சட்டையைத் திறந்து விட்டுக்கொண்டு ஒருவர். உள்ளே எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்கதாங்க பி பிளாக், மூணாவது மாடி" என்று செயலாளர் அவரிடம் என்னைக் காட்டினார். குரலில் போன வாரத்து மரியாதை இல்லை.

"அங்க நாங்கதானே இருக்கோம், பத்து வருஷமா? எதிர் வீடு பூட்டிக் கிடக்கு" என்றார் பனியன்காரர். "நீங்க யாரு?"

கைப்பை அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "இங்க யாரோட தங்கச்சியோ என்னமோ, வேற பிளாக்ல வாடகைக்கு இருக்கும்" என்று எனக்காக அவளே ஒரு பொய்யைத் தயார் செய்து கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டிருந்தால் போதும். இன்னொரு பிளாக், இன்னொரு மாடி. வாய் திறந்தும் விட்டது. அந்த நேரத்தில் என் மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு வந்தது. எத்தனை வீடுகளில் பொய்யாகக் குடியிருப்பது? என் வீட்டில் நான் ஒருத்தி மட்டும் கிடக்கிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"நான் இங்க எங்கயும் இல்லைங்க" என்றேன். "எங்க வீட்ல தண்ணி நல்லா வருது. நான் குடிக்கிறவ. பிராந்தி குடிக்கிறவ. அன்னிக்கு நான் சொன்னது அந்தத் தண்ணியைத்தான். மாடிக்குப் போக வேண்டியவ தெரியாம இங்க வந்துட்டேன்."

முகக்கவசத்தை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. கையில் இருந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாட்டையா, "யாரு? என்ன சொல்லுது?" என்று பக்கத்தில் கேட்டார். "குடிக்குமாம்" என்று அவர் காதில் கத்தினார்கள். கைப்பை அம்மாள் ஓரடி பின்னால் போய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். என் முதுகைத் தடவிய கையைப் புடவையில் துடைத்தாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

செயலாளர்தான் முதலில் பேசினார். "அப்ப கமிட்டில இப்ப ஒரு ஆள் குறையுதே" என்றார். பாவம், அவருக்கு அவர் கவலை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாடில லைட்டு சுவிட்ச் வேலை செய்யாது. பாத்து ஏறுங்க" என்றார்.

ஏறினேன்.

மேலே என்ன, சொர்க்கமா? எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும். ஜன்னல் திறக்க வராத அறை. வியர்வை நாற்றம், பழைய கம்பள நாற்றம். கதவைத் திறந்ததும் ஒருவர் எழுந்து, "வீட்டுக்காரருக்காகவாம்மா? குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம், புதன்கிழமை" என்றார். பிராந்திக் கடை வரிசையில் கிடைத்த அதே பாவம். நல்லவேளை, கீழே ஒரு முறை சொல்லி வாய் பழகியிருந்தது. "இல்லைங்க, எனக்குத்தான்" என்றேன்.

ஒருவர் பேசிக்கொண்டே அழுதார். மூக்கு ஒழுகி மீசையில் இறங்கியது, துடைக்கவில்லை. இன்னொருவர் தான் செய்த அசிங்கத்தையெல்லாம் கல்யாணக் கதை மாதிரி ரசித்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. இவர்களில் ஒருத்தியா நான்? ஆமாம். அதுதான் பற்றி எரிந்தது.

அந்த ஒரே பெண், இந்த வெக்கையிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரிட்டையர்டு டீச்சராம். "கீழ நீங்க சொன்னது படியில வரும்போது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "நான் இங்க வந்து மூணு மாசம் வாயே திறக்கலை. நீங்க சம்பந்தமே இல்லாதவங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கீங்க." பாராட்டுகிறாளா என்று பார்த்தேன். "பைத்தியமா உங்களுக்கு?" என்றாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

வந்துவிட்டது. கைப்பை அம்மாள் அக்காவின் ஆபீஸாம். ஜாடையையும், அக்கா வீட்டில் இருக்கிற பெண்ணையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டாளாம். நேற்று ராத்திரிக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"மானம் போச்சுடி! ஊர்க் கூட்டத்துல போய் நின்னு, மாஸ்க்கைக் கழட்டிட்டு, குடிக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்க. புத்தி இருக்கா உனக்கு? நாளைக்கு நான் எப்படி ஆபீஸுக்குப் போவேன்?"

நடந்து போ, இல்லாவிட்டால் பஸ்ஸில் போ என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. "பிள்ளைகிட்ட குடு" என்றேன்.

"அவ பேச மாட்டா" என்று வைத்துவிட்டாள். அவள் பேச மாட்டேன் என்றாளா, அக்காவே சொன்னாளா? தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

குடித்துவிட்டேன். சொன்னால் நின்றுவிடும் என்று எவன் சொன்னான்? எவனும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் சிரிக்கச் சொல்லிவிட்டு, அதற்கும் மேல் குடிச்சிருக்கேனே, நானெல்லாம் ஒரு பொம்பளையா, ஒரு தாயா — போதும். எழுத்து கோணுகிறது.

மார்ச் 26, வியாழன்

ஸ்வெட்டர் டீச்சருக்கு நானே போன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எங்க இருக்கீங்க? வீட்டுலயா? செருப்பைப் போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றாள். ஆட்டோவில் வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்னப் பெண். "நீங்களா பட்டுனு நிறுத்தாதீங்க. வலிப்பு வரும். மாத்திரையோடதான் விடணும், நாங்க பாத்துக்கறோம்" என்றாள். "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டாள். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருமினாள். சரியான அளவைச் சொன்னேன். அந்தப் பெண் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, எழுதிக்கொண்டாள். அந்த அளவைக் கேட்டு எனக்குத்தான் குமட்டியது.

மார்ச் 30, திங்கள்

தூக்கமில்லை. தோலுக்கு அடியில் ஏதோ ஊர்கிற மாதிரி. ஃபிளாஸ்க்கை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன், நாற்றம் போகவில்லை. குப்பையில் போட்டேன். முதலாளியிடம் லீவு கேட்டபோது கேஸ்ட்ரிக் என்று அவரே ஆரம்பித்தார். "இல்லைங்க, குடி" என்றேன். எச்சிலை விழுங்கினார். "சரிம்மா. வந்ததும் பிளாஸ்டர்லயே இரு, பாக்கலாம்" என்றார். வேலை போகவில்லை. பல் அடுக்க விடுவாரா என்று தெரியாது.

ஏப்ரல் 3, வெள்ளி

கதவைத் திறந்தால் மகள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை.

"பெரியம்மா கத்தறாங்க. கத்தட்டும்" என்றாள். உள்ளே வரவில்லை. என் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "பெரியம்மாவோட வேலை பாக்கற ஆன்ட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்காங்க. நீ சொன்ன வார்த்தையை அப்படியே. நிஜமாவே சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கப்புறம் குடிச்சியா?"

'இல்லை' நாக்கு நுனி வரை வந்து நின்றது. பிள்ளை பையோடு வாசலில் நிற்கிறாள். ஒரு சின்ன 'இல்லை' சொன்னால் உள்ளே வந்துவிடுவாள். உண்மையைச் சொன்னால் படியிறங்கிப் போகலாம், போனால் மே மாதம் வேறு ஊர்தான்.

"குடிச்சேன்" என்றேன். "சொன்ன மூணாம் நாளே. இப்ப மாத்திரை சாப்பிடறேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நின்றால் அவள் அப்பா மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. இன்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரி" என்றாள். கையில் இருந்த பையை என்னிடம் நீட்டினாள். கனமாக இருந்தது, பாடப் புத்தகம்.

ஏப்ரல் 4, சனி

மேலே போனேன். மூக்கு ஒழுகுகிறவர் இன்றும் அழுதார். என் கர்சீப்பைக் கொடுத்தேன். திருப்பித் தந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது, நல்லவேளை வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

லேப்பிலிருந்து வந்தால் வாசலிலேயே, "ஊது" என்பாள். அது அவள் போட்ட சட்டம். முதல் நாள் அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. பெற்றவள் பிள்ளை முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பதா என்று இருந்தது. அவளும் அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் கிட்ட வந்தாள்.

இன்று ஒற்றைச் செருப்பைக் கழற்றியபடியே ஊதினேன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்து மூக்கை நீட்டினாள். முகம் அஷ்டகோணலாயிற்று.

"ஐயே, வெங்காயம்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட உள்ளே போய்விட்டாள்.